பகல் சொல்வது பாதிதான்

தீபாவளி முடிந்த கையோடு வடக்கே படிக்கவோ வேலைக்கோ கிளம்பும் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். "டெல்லியில 28 டிகிரின்னுதான் போன்ல காட்டுது. நம்ம சென்னையும் கிட்டத்தட்ட அதேதானே? ஸ்வெட்டர் எதுக்கும்மா?" என்பான் பையன். அம்மாவுக்குச் சட்டென்று பதில் சொல்ல வராது. மனசு கேட்காமல் பெட்டியின் ஓரத்தில் ஒன்றைத் திணித்து வைப்பார். அம்மா செய்ததுதான் சரி. அது ஏன் என்று தெரிந்துகொண்டால், இந்தப் பருவத்தைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் வேறு சிலவும் தாமாகத் திருந்திவிடும்.

நம்பிக்கை: பகல் வெப்பம் ஒன்றாக இருந்தால் இரண்டு ஊரின் வானிலையும் ஒன்று.

நவம்பரில் சென்னையின் பகல் உச்சம் சராசரியாக 29, 30 டிகிரி செல்சியஸ். டெல்லியிலும் 28 டிகிரி வரை போகும். மதியம் 2 மணிக்கு இரண்டு ஊரிலும் அரைக்கைச் சட்டையோடு நடக்கலாம். ஆனால் விடிகாலையில் சென்னை 22, 23 டிகிரியில் நிற்கும்போது டெல்லி 13 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். சென்னையில் பகலுக்கும் இரவுக்கும் இடையே ஏழு டிகிரி இறக்கம். டெல்லியில் அதைப்போல இரண்டு மடங்கு.

வித்தியாசத்தை உண்டாக்குவது ஈரம். பகலில் வெயில் வாங்கிய தரை, இரவில் அந்தச் சூட்டை வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். காற்றில் நீராவியும் மேலே மேகமும் இருந்தால் அந்தச் சூட்டில் பெரும்பங்கை அவை பிடித்து மறுபடி தரைக்கே அனுப்பும். கம்பளி போர்த்திய மாதிரி. பருவமழை விலகி வறண்ட காற்று வீசும் டெல்லியில் அந்தப் போர்வை கிடையாது. சென்னையிலோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலிலிருந்து ஈரம் வந்துகொண்டே இருக்கும். அடைமழை பிடித்த ஒரு கார்த்திகை நாளில் பகலுக்கும் இரவுக்கும் மூன்று, நான்கு டிகிரிதான் வேறுபாடு இருக்கும். நனைந்த உடம்பு நடுங்குவதால் நமக்கு அது பெருங்குளிராகத் தெரிகிறது. வெப்பமானியில் அப்படி ஒன்றும் இறங்கியிருக்காது.

கடலின் பங்கை இன்னும் தெளிவாகப் பார்க்க அமெரிக்காவுக்குப் போகலாம். சான் பிரான்சிஸ்கோவும் டென்வரும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையை ஒட்டியவை. ஆனால் சான் பிரான்சிஸ்கோவை பசிபிக் கடல் அணைத்திருக்கிறது. டென்வர், கடலிலிருந்து வெகு தொலைவில், 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரைச் சூடேற்ற, ஒரு கிலோ காய்ந்த மண்ணுக்குத் தேவைப்படுவதைப்போல நான்கு மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும். அதனால் கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாகத்தான் ஆறும். சான் பிரான்சிஸ்கோவில் ஆண்டின் வெதுவெதுப்பான மாதம் ஜூலை அல்ல, செப்டம்பர். டென்வரில் 2020 செப்டம்பர் 7-ஆம் தேதி பகல் வெப்பம் 34 டிகிரியைத் தொட்டது. மறுநாளே பனி பொழிந்தது. வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் அதைத் தணிக்க அங்கே பக்கத்தில் கடல் இல்லை.

நம்பிக்கை: அக்டோபர் வந்தால் எங்கும் வெயில் தணியும்.

மும்பைக்காரர்களிடம் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் 'அக்டோபர் ஹீட்' என்றே ஒரு பருவத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மூடிக் கிடந்த வானம் திறந்ததும் வெயில் நேராக ஈரத் தரையில் விழும். பகல் வெப்பம் 33, 34 டிகிரிக்கு ஏறும். மே மாதத்துக்குச் சளைத்ததல்ல. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலோ அக்டோபர் வசந்தகாலம். அங்கே இலையுதிர் காலம் மார்ச் முதல் மே வரை.

இதோடு ஒட்டிய இன்னொன்று: பூமி சூரியனை விட்டு விலகுவதால்தான் குளிர் வருகிறது என்பது. பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.71 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். மிகத் தள்ளி, 15.21 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜூலையில். பருவங்களை மாற்றுவது பூமியின் அச்சுச் சாய்வு.

நம்பிக்கை: குளிரும் உறைபனியும்தான் இலையைச் சிவக்க வைத்து உதிர்க்கின்றன.

டொரன்டோவில் இருக்கும் சொந்தக்காரர்கள் அக்டோபரில் அனுப்பும் மேப்பிள் மரப் படங்களைப் பார்த்து நாமும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம். அந்த மரங்களுக்கு முதல் சேதி சொல்வது குறைந்துவரும் பகல் நேரம். பச்சையம் சிதையச் சிதைய, இலைக்குள் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்போதுதான் புதிதாக உருவாகிறது. அதற்கு வெயிலடிக்கும் பகலும், உறைநிலைக்கு இறங்காத குளிர்ந்த இரவும் வேண்டும். உறைபனி முந்திக்கொண்டால் சிவப்பு கெட்டுப்போகும்.

நம் காடுகளின் கணக்கு வேறு. முதுமலையின் தேக்கு மரங்கள் இலை உதிர்ப்பது ஐப்பசியில் அல்ல. மழை ஓய்ந்து மண் காயும் தை, மாசி, பங்குனியில். அங்கே குளிரைவிடத் தண்ணீர்ப் பஞ்சத்துக்குத்தான் மரம் பயப்படுகிறது. பாடப்புத்தகம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் துளிர்த்துப் பச்சைப்பசேலென்று நிற்கும் மாதங்கள் அவை. நம்மிடம் அதற்கு 'கூதிர்' என்று நல்ல சொல் இருக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த பருவம். தொல்காப்பியம் குறிஞ்சித் திணைக்குப் பொழுது வகுக்கும்போது கூதிரோடு யாமத்தை, அதாவது நள்ளிரவைச் சேர்த்து வைக்கிறது. மலைநாட்டின் இந்தப் பருவத்தை அறிய இரவைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் அதைப் படித்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: மழை கொட்டும்போதுதான் ஊட்டியில் கடுங்குளிர், உயரம் கூடக்கூடக் குளிரும் கூடும்.

பகலுக்கு இரண்டாவது பாதி பொருந்தும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். ஆனால் நீலகிரியில் உறைபனி விழுவது மழை விட்டு, மேகம் கலைந்து, நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரியும் இரவுகளில். அப்போது குளிர்ந்த காற்று கனத்து, சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். அதனால்தான் மேட்டு வீடுகளைவிடத் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான பகுதிகளின் புல்வெளிகள் முதலில் வெளுக்கின்றன. அங்குள்ள தேயிலை, காய்கறி விவசாயிகள் சாயங்காலமே வானத்தைப் பார்த்துவிடுவார்கள். மேகம் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். வானம் வெறிச்சென்று இருந்தால், விடியும்போது கொழுந்து கருகியிருக்குமோ என்ற கவலையோடுதான் படுக்கை.