கடை திறந்ததும் கம்ப்யூட்டர் திணறினால்...

பெரம்பலூரிலும் சரி, அரியலூரிலும் சரி, பில் போடக் கம்ப்யூட்டர் இல்லாத மொத்தக் கடை இன்று அரிது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு கல்லாப் பெட்டிக்கு அடுத்தபடி அதுதான் என்றாகிவிட்டது. அடியேன் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் கிடையாது. ஆயினும் என் மளிகை மண்டியில் பட்ட பாடு நமது உறுப்பினர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். ஜெயங்கொண்டம், செந்துறை கடைகளுக்குச் சரக்கு ஏற்றிய லாரி வாசலில் நிற்கிறது. காலை 8 மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டால் உள்ளே இருக்கும் விசிறி இரைகிறது. ஓர் எழுத்தைத் தட்டினால் நிதானமாகத் திரைக்கு வருகிறது. பில்லும் ஈ-வே பில்லும் இல்லாமல் வண்டியை எப்படி அனுப்புவது? பழுது பார்க்க வந்தவர், "பிராசஸர் போச்சுங்க, புது மெஷின்தான் வாங்கணும்" என்றார். விலையைக் கேட்டதும், பண்டிகை முடியட்டும் என்று அவரை அனுப்பிவிட்டேன். பிராசஸருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பிராசஸர் நம் கணக்குப்பிள்ளை மாதிரி. பிரிண்டர், ஸ்கேனர், எலக்ட்ரானிக் தராசு ஆகியவை அவரைக் கூப்பிட்டால், எழுதுவதை நிறுத்தி அவற்றைக் கவனித்துவிட்டுத்தான் மறுபடி பேரேட்டைத் தொடுவார். இப்படிக் கூப்பிடுவதற்கு 'இன்ட்டரப்ட்' என்று பெயர். கம்ப்யூட்டரைப் போட்டதும், மாட்டியிருக்கும் ஒவ்வொரு சாதனத்தையும் "நீ யார்?" என்று விசாரித்து, அதற்குரிய டிரைவர் மென்பொருளை ஏற்றுவது வழக்கம். ஒரே ஆள் வந்து பெயர் சொல்லிவிட்டு வெளியே போய், உடனே திரும்ப வந்து மறுபடி பெயர் சொன்னால் கணக்குப்பிள்ளை எப்போது கணக்கு எழுதுவார்?

என் கடையில் நடந்தது இதுதான். தராசிலிருந்து வரும் யு.எஸ்.பி. கேபிள் துவரம்பருப்பு மூட்டைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. உள்கம்பி ஒட்டியும் ஒட்டாமலும் இருந்ததால் தராசு நொடிக்கொரு தரம் வந்து வந்து போயிருக்கிறது.

உங்கள் கடையில் இப்படி நேர்ந்தால் முதலில் கணக்கைப் பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சி.பி.யு. என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் இழுப்பது மேலே வரும். வைரஸ் தடுப்போ விண்டோஸ் அப்டேட்டோ மேலே இருந்தால் பயமில்லை. சற்று நேரம் விட்டால் அடங்கிவிடும். 'சிஸ்டம் இன்ட்டரப்ட்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். அது 1 சதவீதத்தை ஒட்டி இருப்பது இயல்பு. 10-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் கோளாறு பெரும்பாலும் ஏதோ ஒரு சாதனத்திலோ அதன் டிரைவரிலோதான். என் பழைய மெஷினில் 30-க்குக் கீழே இறங்கவில்லை.

கீபோர்டு, மவுஸ் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, எண் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் ஒவ்வொன்றாக, இடையில் ஐந்து நிமிடம் விட்டு மாட்டுங்கள். எதை மாட்டியதும் எண் ஏறுகிறதோ அதுதான் ஆசாமி. முதலில் கேபிளை மாற்றுங்கள், அடுத்து வேறு துளையில் மாட்டுங்கள், டிரைவரைக் கடைசியில் பாருங்கள். ஒரே ஹப்பில் நாலைந்து சாதனங்களைத் தொங்கவிடுவது நம் கடைகளில் சகஜம். பழைய வகை யு.எஸ்.பி. துளை 500 மில்லி ஆம்பியர் மின்சாரம்தான் தரும். அது போதாமல் போனாலும் இதே கூத்துதான்.

பிடுங்கியும் எண் இறங்கவில்லையா? டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி உள்ளதைப் பார்க்க வேண்டும். சவுண்டு, நெட்வொர்க் போன்றவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம். டிஸ்க், டிஸ்பிளே, பிராசஸர் என்று இருப்பவற்றில் கை வைக்காதீர்கள்.

"தினமும் ராத்திரி அணைத்துத்தானே போகிறேன்?" என்று நானும் கேட்டவன்தான். விண்டோஸ் 8 முதல் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று உண்டு. அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் டிரைவர்களின் நிலையை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்து, காலையில் அதையே திரும்ப ஏற்றும். நேற்றைய கோளாறும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பேருக்குள்ள பொருளே மாறிக் கிடக்கிறது பாருங்கள்!

லினக்ஸ் வைத்திருப்போருக்கு இதே வேலையை 'யுடெவ்' என்பது செய்கிறது. 'டாப்' என்று தட்டினால் வரும் பட்டியலில் 'சிஸ்டம்டி-யுடெவ்டி' முதலில் நின்றால் சந்தேகப்படலாம். 'யுடெவ்அட்ம் மானிட்டர்' என்ற கட்டளை, எந்தச் சாதனம் வந்து வந்து போகிறது என்பதை வரிவரியாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

எனக்குப் புதுக் கேபிளுக்கு 250 ரூபாய் ஆனது. பழைய மெஷினிலேயே பொங்கல் வியாபாரமும் முடிந்தது. பருப்பு மூட்டைகளை மட்டும் எதிர்ச்சுவர் ஓரமாக மாற்றி அடுக்கச் சொல்லிவிட்டேன்.