எந்த நேரத்தில் ஆபத்து அதிகம்?

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு நிகழ்ந்த சாலை விபத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையே நிகழ்ந்தவை. பின்னிரவில் நிகழ்ந்தவை மிகக் குறைவு. அப்படியானால் பின்னிரவுப் பயணம் பாதுகாப்பானதா?

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சாலையில் மாலையில் 1,000 வண்டிகள் சென்று 2 விபத்துகளும், பின்னிரவில் 100 வண்டிகளே சென்று 1 விபத்தும் நேர்வதாகக் கொள்வோம். விபத்துகள் பாதிதான்; ஆனால், ஒரு வண்டிக்கு உள்ள ஆபத்து ஐந்து மடங்கு!

உண்மையிலும் பின்னிரவில் இவ்வாபத்து மிகுதியே. முக்கியக் காரணம், 2 மணி முதல் 5 மணி வரை நம் உடல் தூக்கத்தை நாடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஓட்டுநர் 4 விநாடி கண்ணயர்ந்தால், வண்டி சுமார் 89 மீட்டர் ஓடிவிடும். தூக்கத்துக்கு மருந்து தூக்கமே!