தெருவைப் பகிரும் துணை

நுழையும்முன்

மனிதர் முதன்முதலில் பழக்கிய விலங்கு நாய். காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் அவர்களோடு உழைத்த அவ்விலங்கு, இன்று சுவரோடு சுவர் ஒட்டிய நகர வீடுகளுக்கிடையே வாழ்கிறது. நெருக்கமான குடியிருப்பில் ஒரு வீட்டார் வளர்க்கும் நாய், அத்தெருவில் உள்ள அனைவருடைய வாழ்விலும் பங்குகொள்கிறது. அப்பகிர்வில் அன்போடு பொறுப்பும் இணைய வேண்டியதன் தேவையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காவலில் வளர்ந்த உறவு

தமிழர் வாழ்வில் நாய்க்குத் தொன்மையான இடம் உண்டு. ஞமலி, ஞாளி என்னும் பெயர்களால் சங்க இலக்கியம் அதனைச் சுட்டுகிறது. நாயின் இளமையைக் 'குருளை' என்னும் சொல்லால் வழங்கும் மரபைத் தொல்காப்பிய மரபியல் பதிவு செய்துள்ளது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த, முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இவ்வுறவின் ஆழத்தைக் காட்டுகிறது. கள்வரைக் கடித்துக் காவல் காத்த கோவிவன் என்னும் நாயின் பெயர் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. வீரனுக்கு எழுப்பிய கல்லிலேயே நாய்க்கும் இடம் தந்த சமூகம் அது.

இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழ்நாட்டின் புகழ்பெற்ற நாயினங்கள். இந்திய அஞ்சல்துறை 2005ஆம் ஆண்டு வெளியிட்ட நாயினங்கள் பற்றிய அஞ்சல்தலைகளுள் இராசபாளையமும் இடம்பெற்றது. காவலுக்கும் வேட்டைக்கும் பெயர்பெற்ற இவ்வினங்களுக்குப் பரந்த வெளியும் ஓட்டமும் இயல்பான தேவைகள். அவை நகரத்திற்கு வரும்போது நாயின் வாழ்வும் மாறுகிறது. அதனை வளர்ப்போரின் கடமையும் மாறுகிறது.

ஒரு குரைப்பு, பல பொருள்

சென்னையின் திருவல்லிக்கேணி, புரசைவாக்கம் போன்ற பழைய பகுதிகளில் இரண்டு சக்கர வண்டிகள் எதிரெதிரே வந்தாலே ஒதுங்க வேண்டிய தெருக்கள் பல உள்ளன. ஒரே மாடிப்படியைப் பல குடும்பங்கள் பயன்படுத்தும் வீடுகளும் அங்கு உண்டு. அத்தகைய வீட்டில் நள்ளிரவில் நாய் குரைக்கிறது எனக் கொள்வோம். வளர்ப்பவருக்கு அது காவல். இரவுப்பணி முடித்து வந்து கண்ணயர்ந்தவருக்கு அது கலைந்த உறக்கம். முன்பு ஒருமுறை கடிபட்ட சிறுமிக்கு அது நெஞ்சைப் பதறவைக்கும் அச்சம். தனித்து வாழும் முதியவருக்கோ, அருகில் ஓர் உயிர் விழித்திருக்கிறது என்னும் ஆறுதல்.

இந்நால்வருடைய உணர்வும் உண்மையானதே. "என் நாய் ஒன்றும் செய்யாது" என்று வளர்ப்பவர் கூறுவது அவருடைய அனுபவம். எதிரே வருபவருக்கு அந்த அனுபவம் இல்லை. எனவே, அஞ்சுபவரை நகைப்பதும் நாயை விரும்புபவரைப் பழிப்பதும் தீர்வாகா. பொது இடத்தில் நாயைக் கழுத்துப்பட்டையும் கயிறுமின்றி விடாதிருத்தல், மாடிப்படியில் பிறர் வரும்போது அதனைத் தம்பக்கம் நிறுத்திக்கொள்ளுதல், அதன் கழிவை உடனே அகற்றுதல் ஆகியவை சிறு செயல்கள். ஆயினும், ஒரு தெரு நாயை ஏற்பதும் வெறுப்பதும் பெரும்பாலும் இச்சிறு செயல்களைப் பொறுத்தே அமைகின்றன.

நாயின் பக்கமிருந்து

குறுகிய இடத்தில் வாழும் துன்பம் நாய்க்கும் உண்டு. மனிதர்போல உடல் முழுவதும் வியர்த்து வெப்பத்தைத் தணிக்க நாயால் இயலாது. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே அது பெரும்பாலும் உடற்சூட்டைக் குறைத்துக்கொள்கிறது. கோடை நண்பகலில் தார்ச்சாலை அதன் உள்ளங்காலைப் பொசுக்கும். குளிர்நாட்டிற்குரிய அடர்ந்த மயிருள்ள இனங்களைத் தோற்றப்பொலிவுக்காக வாங்கிக் கடற்கரை நகரத்தின் சிறுவீட்டில் அடைத்து வைப்பது அன்பாகாது. மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலிகளையும் நாய் கேட்கும்; தீபாவளி வெடியோசை அதனை நடுங்கச் செய்வதில் வியப்பில்லை.

நாள் முழுவதும் சங்கிலியில் கட்டுண்ட நாய் ஓயாது குரைப்பதற்குச் சலிப்பும் தனிமையும் காரணமாகலாம். காலையும் மாலையும் நடைக்கு அழைத்துச் சென்றால் அதன் உடல் உழைக்கிறது. வழியெல்லாம் மோந்து பார்ப்பதால் அதன் அறிவும் ஊக்கம் பெறுகிறது. நாயின் தேவை நிறைவேறினால் அண்டை வீட்டாரின் அமைதியும் காக்கப்படும்.

உயிர்காக்கும் விழிப்பு

நாயோடு வாழ்வதில் மறக்கவே கூடாதது வெறிநோய். மனிதருக்கு ஏற்படும் வெறிநோயில் 99 விழுக்காடு வரை நாய்களாலேயே பரவுகிறது என உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. இதன் நச்சுயிரி கடிவாயிலிருந்து நரம்பின் வழியாக மூளையை நோக்கிச் செல்கிறது. அறிகுறிகள் தோன்றியபின் பிழைத்தல் மிக அரிது. அதற்கு முன்னரே உரிய மருத்துவம் பெற்றால் காப்பாற்றிவிடலாம். லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு கடிபட்ட சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் தடுப்பூசி செலுத்தி இதற்கு வழிகண்டார். தமிழ்நாட்டில் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இயங்கிவருகிறது.

பெற்றோர் கண்டிப்பர் என அஞ்சிச் சிறுவர்கள் கடிபட்டதை மறைத்துவிடுவதுண்டு. சிறு கீறல்தானே எனப் பெரியோர் பொருட்படுத்தாமல் விடுவதும் உண்டு. இந்த மறைப்பும் அலட்சியமும் உயிரைப் பறித்துவிடும். "கடித்தது குட்டிதானே", "அது வீட்டு நாய்தானே" என்னும் எண்ணங்களும் ஆபத்தானவை.

தெரிந்து தெளிவோம்

நாய் கடித்தால் அல்லது கீறினால்:
• காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுதல் வேண்டும்.
• மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் முதலியவற்றைத் தடவலாகாது.
• தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.
• மருத்துவர் குறிக்கும் நாள்களில் எல்லாத் தவணைத் தடுப்பூசிகளையும் போட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

தெருவில் வாழும் நாய்கள்

வீட்டு நாய்க்கு உரியவர் உண்டு. தெருநாய்க்கு உரியவர் எவர்? நெடுங்காலம் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே வழக்கமாக இருந்தது. ஆனால், குப்பையும் மிச்ச உணவும் கிடக்கும் தெருவில் ஒரு கூட்டத்தை அகற்றினால் மற்றொரு கூட்டம் அங்கு வந்து சேர்கிறது. இதனால் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி செலுத்தி, பிடித்த இடத்திலேயே விடும் முறை உருவானது. சென்னையில் 1959ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு இம்முறையை முன்னெடுத்தவற்றுள் ஒன்று. நடுவண் அரசு 2001ஆம் ஆண்டு இதற்கென விதிகளை வகுத்தது. அவற்றுக்கு மாற்றாக 2023இல் புதிய விதிகளை வெளியிட்டது.

உணவிடும் இடம் குழந்தைகள் விளையாடும் இடத்திற்கும் மாடிப்படிக்கும் வாயிலுக்கும் அப்பால் இருத்தல் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. வெறிநோய் உற்ற நாய்களையும் தாக்கும் இயல்புடையவற்றையும் மீண்டும் தெருவில் விடலாகாது என உச்சநீதிமன்றம் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆணையிட்டது. பசித்த உயிருக்கு உணவிடுவோரின் இரக்கமும், குழந்தையை அச்சமின்றிப் பள்ளிக்கு அனுப்ப விரும்பும் பெற்றோரின் கவலையும் ஒருசேர மதிக்கத்தக்கவை. உணவிடுவதோடு அந்நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் கிடைக்கச் செய்யும்போதுதான் இரக்கம் முழுமை பெறுகிறது. குப்பையைத் தெருவில் எறியாதிருப்பது இப்பணியில் ஒவ்வொருவரும் ஏற்கத்தக்க பங்காகும்.

பகிர்ந்து வாழ்தல்

உயிர்களிடம் பரிவு காட்டுதல் குடிமக்களின் அடிப்படைக் கடமை என இந்திய அரசமைப்பின் 51அ பிரிவு குறிப்பிடுகிறது. அப்பரிவு நாயிடம் மட்டும் நின்றுவிடலாகாது. நாயைக் கண்டு ஒதுங்கும் மனிதரையும் அது தழுவ வேண்டும். வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி செலுத்துபவர் தம் தெருவின் நலத்தையும் காக்கிறார். உறங்கும் தெருநாயின்மீது கல்லெறியாமல் விலகிச் செல்லும் மாணவர் ஒரு கடிக்கான வாய்ப்பைத் தவிர்க்கிறார். தெரு சிறியதாக இருக்கலாம். ஒருவர் மற்றவருக்கு விட்டுத்தரும் இடத்தால் அது அனைவருக்கும் போதுமானதாகிறது.

கற்பவை கற்றபின்

1. நாய் வளர்ப்பவர், நாயைக் கண்டு அஞ்சுபவர், தெருநாய்களுக்கு உணவிடுபவர் ஆகிய மூவரும் ஒரு தெருக்கூட்டத்தில் பேசுவதுபோல் உரையாடல் எழுதி வகுப்பில் நடித்துக் காட்டுக.
2. நாய்க்கடிக்கு உரிய முதலுதவியை விளக்கும் சுவரொட்டி ஒன்றை உருவாக்கிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் இடம்பெறச் செய்க.
3. உங்கள் பகுதியில் நாய்களுக்கான வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்த வேண்டி உள்ளாட்சி அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக.