எலியாவுக்குக் கிடைத்த அடையும் தண்ணீரும்

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 19:1-8



இந்த மாதம் ஒரு பாரத்தோடு எழுதுகிறேன். நம்முடைய ஜெபக் குறிப்பு நோட்டில் கான்சர் என்று எழுதப்பட்ட பெயர்கள் கூடிக்கொண்டே போகின்றன. சிலர் பாலரெங்கபுரத்தில் உள்ள அரசு ராஜாஜி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போய் வருகிறார்கள். சிலர் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி அடையாறுக்குப் போகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைக் கான்சரில் பறிகொடுத்த வேதனையில் போராடி, 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கின ஆஸ்பத்திரி அது. இவர்கள் சபைக்கு வந்தால் நம்மில் சிலர் என்ன கேட்கிறோம்? "விசுவாசம் இருந்தா எதுக்கு ஊசி?"

எலியாவைப் பாருங்கள். கர்மேலில் அக்கினி இறங்கப் பண்ணின அதே மனுஷன், கொஞ்ச நாளில் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாவைக் கேட்கிறான். தேவதூதன் வந்தான். பிரசங்கம் பண்ணினானா? இல்லை. தட்டியெழுப்பி, சாப்பிடச் சொன்னான். சுட்ட அடை, தண்ணீர், அவ்வளவுதான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். அதற்கும் தூதன் கோபிக்கவில்லை. இரண்டாந்தரம் எழுப்பி, இன்னும் சாப்பிடு, போகவேண்டிய தூரம் உன் பெலத்துக்கு மிஞ்சினது என்றான். 40 நாள் நடை அதற்குப் பிறகுதான்.

கீமோ ஏற்றிக்கொள்கிறவருக்கும் தூரம் அதிகம். பலருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மாசக்கணக்காக. அந்த நாட்களில் சாப்பிடுவதும் தூங்குவதுமே பெரிய ஊழியம். ஆகையால் உபவாச ஜெபத்தில் அவர்களைச் சேர்க்காதீர்கள். நீங்கள் உபவாசியுங்கள், அவர்கள் சாப்பிடட்டும். வயிற்றைப் புரட்டும்போது மூன்று வேளைச் சாப்பாடு இறங்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு இட்லி, கொஞ்சம் கஞ்சி, வெந்த முட்டை என்று கொடுங்கள். (நம்ம ஊர் அடை இட்லிதான் என்று நான் சொல்வதுண்டு.) தாளிக்கிற வாசனையே சிலருக்குக் குமட்டும், ஆறின சாப்பாடு இறங்கும். வாய் புண்ணானால் காரத்தை நிறுத்தி, உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்கலாம். வெயிலுக்கு ஆசையாயிருந்தாலும் ரோட்டுக் கடை ஜிகர்தண்டா இப்போது வேண்டாம்.

காரணம் இருக்கிறது. கீமோ போட்டு ஏறக்குறைய ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். நமக்குச் சாதாரண சளி, அவர்களுக்கு ஆபத்து. ஆகவே அந்த நாட்களில் முழு இரவு ஜெபத்துக்கு வராவிட்டால் பின்வாங்கிப் போனார் என்று பேசாதீர்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், வீட்டில் மாத்திரை போட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். போதகருக்குப் போன் பண்ணுவது அதற்குப் பிறகு.

'கரண்ட் வைக்கிறது' என்று நம் ஜனங்கள் சொல்வது கதிர்வீச்சு. மின்சாரம் அல்ல, வைக்கும்போது வலியும் இல்லை. வெளியிலிருந்து மெஷினில் கொடுக்கிற கதிர் உடம்பில் தங்குவதில்லை, பேரப்பிள்ளையைத் தாராளமாய் மடியில் வைத்துக்கொள்ளலாம். மையில் போட்ட அடையாளத்தை மட்டும் தேய்த்துக் கழுவக் கூடாது. அந்த இடத்தில் எண்ணெயும் தைலமும் தடவக் கூடாது. யாக்கோபு 5:14 எண்ணெய் பூசச் சொல்கிறது, எந்த இடத்தில், எவ்வளவு என்று சொல்லவில்லை. கரண்ட் வைக்காத இடத்தில் ஒரு துளி போதும்.

முடி கொட்டுவது சின்ன காரியம் என்று ஆண்கள் சொல்லிவிடுவார்கள். நம் சகோதரிகள் சபையில் முக்காடு போடுகிறவர்கள்தான், ஆனாலும் வீட்டுக் கண்ணாடிக்கு முன் முக்காடு உதவாது. "வளந்துரும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கீமோவில் கொட்டினது பெரும்பாலும் வளர்ந்துவிடும்.

இப்போது என் பாரத்தைச் சொல்லுகிறேன். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சகோதரி, மார்பில் கட்டி. நாலு கீமோவில் கட்டி நன்றாகச் சுருங்கினது. ஒரு கூட்டத்தில் கைவைத்து ஜெபித்து, பூரண சுகம், இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று மேடையிலேயே அறிவித்துவிட்டார்கள். மீதி கீமோவுக்கு அவர்கள் போகவில்லை. எட்டு மாசத்தில் முதுகில் வலி, எலும்புக்குப் பரவியிருந்தது. கட்டி சுருங்கினது மெய். அது மருந்து வேலை செய்கிற அடையாளம். கைக்குத் தட்டுப்படாமல் மிஞ்சினதற்காகத்தானே மீதி ஊசி! எசேக்கியாவுக்குச் சுகம் தருவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பற்றுப் போடச் சொன்னான். துரோப்பீமுவை வியாதியாய் மிலேத்துவில் விட்டுவந்த பவுல், அவனுக்கு விசுவாசம் இல்லை என்று எழுதவில்லை. சுகம் கிடைத்தால் சாட்சி சொல்லுங்கள், டாக்டர் பரிசோதித்துச் சொன்ன பிறகு சொல்லுங்கள்.

பணத்துக்காக நிறுத்துகிறவர்களும் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, கான்சருக்கும் பொருந்தும். சிகிச்சைக்காக ரயிலில் போகிறவருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கான பாரத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்க வேண்டும்.

பதினைந்து பேராய் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு போய் கட்டிலைச் சுற்றி நிற்பதைவிட, ஒருவர் துணைக்குப் போவது நல்லது. நம் சபையில் ஒரு தாயார் திங்கள் முதல் வெள்ளி வரை பாலரெங்கபுரம் போகிறார்கள், இன்னும் நாலு வாரம் இருக்கிறது. திங்கள், புதன், வெள்ளிக்கு ஆள் இருக்கிறது. செவ்வாயும் வியாழனும் யாரும் இல்லை. ஆட்டோவோ பைக்கோ வைத்திருக்கிற வாலிபர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைப் பாருங்கள்.