சில ஊர்களில் கல்யாணம் முந்துவதும் சில ஊர்களில் பிந்துவதும் ஏன்?

இடம்பெயர்ந்த குடும்பங்களோடு விதைநெல், கிணறு, காணி உறுதி என்று பேசி முடித்த பின்னர் பெற்றோரின் அடிமனதிலிருந்து இன்னொரு கவலை வெளிவருவதை நாம் பல இடங்களில் கேட்டிருக்கிறோம். "பிள்ளைக்கு முப்பது ஆகுது சுவாமி, ஒண்டும் சரிவரேல்லை" என்பார்கள். காரணம் கேட்டால் சிலர் சாதகத்தைச் சொல்வார்கள். சிலர் பெண்ணின் படிப்பைக் குறை கூறுவார்கள். சிலர் தம் விதியை நொந்துகொள்வார்கள். இக்காரணங்கள் சரியானவைதானா? ஓரிடத்தில் எல்லாரும் இருபதில் மணமுடிக்க, இன்னோரிடத்தில் பலர் முப்பதிலும் தனித்திருப்பது ஏன்? இதனை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. எண்ணிக்கையை வாசிக்கும் விதம்

ஓர் ஆண்டில் ஆயிரம் பேருக்கு எத்தனை விவாகங்கள் பதிவாகின என்பதையே பொதுவாகத் திருமண வீதம் என்கிறோம். இவ்வெண்ணை வைத்து அவசரப்பட்டு ஓர் ஊரை எடைபோடக் கூடாது. உதாரணமாக, ஆயிரம் பேர் வாழும் இரு கிராமங்களை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் இளைஞர் அதிகம். மற்றதில் முதியோரும் சிறுவரும் அதிகம். இரண்டிலும் வழக்கம் ஒன்றேயாயினும் வீதம் வேறுபடும். அத்துடன், கோவிலில் தாலி கட்டியும் பதிவு செய்யாத தம்பதியர் இந்த எண்ணிக்கையில் சேர்வதில்லை. ஆகவே எந்த வயதில் மணமுடிக்கிறார்கள், ஐம்பது வயதிலும் மணமாகாதோர் எத்தனை பேர் என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2. மூன்று கேள்விகள்

டிக்சன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1971இல் பல நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு எழுதினார். அவர் காட்டிய வழியை நாம் மூன்று கேள்விகளாகச் சுருக்கலாம். மணமுடிக்க ஏற்ற ஆள் உண்டா? குடும்பம் நடத்த வசதி உண்டா? மணமுடிக்கும் விருப்பமும் அவசியமும் உண்டா? இம்மூன்றில் ஒன்று தடைப்பட்டாலும் கல்யாணம் பிந்தும்.

இரண்டாவது கேள்வியின் வலிமையை ஹஜ்னல் என்ற அறிஞர் 1965இல் விளக்கினார். ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலிருந்து இத்தாலியின் திரியெஸ்த் வரை ஐரோப்பாவின் குறுக்கே ஒரு கோடு கீறினார். அக்காலத்தில் கோட்டுக்கு மேற்கே பெண்கள் பெரும்பாலும் இருபதுகளின் நடுவில் மணமுடித்தார்கள். பத்தில் ஒருவரோ அதற்கு மேலோ மணமாகாமலே இருந்தார்கள். கிழக்கே இளவயதிலேயே ஏறக்குறைய எல்லாருக்கும் திருமணம் நடந்தது. மேற்கே புதுத் தம்பதியர் தனிக்குடித்தனம் போக வேண்டும். அதற்கு வீடும் வருமானமும் தேவை. கிழக்கே தகப்பன் வீட்டுக் கூட்டுக்குடும்பத்தில் ஓர் இடம் இருந்தாலே போதும்.

3. அயர்லாந்து தரும் பாடம்

கமக்காரரான நமக்கு அயர்லாந்தின் கதை நன்கு விளங்கும். 1841இல் அங்கு எண்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். சிறு துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு நட்டால் ஒரு குடும்பம் பிழைக்கும். ஆகவே தகப்பன் காணியைத் துண்டு போட்டுக் கொடுப்பான். மகன் குடிசை போட்டு இளவயதிலேயே மணமுடிப்பான். 1845இல் கிழங்கை அழுகல் நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பஞ்ச ஆண்டுகளில் பத்து இலட்சம் பேரளவில் மாண்டார்கள். இன்னும் பத்து இலட்சம் பேரளவில் கடல் கடந்தார்கள்.

அதன் பின் காணியைப் பிரிக்கவே மக்கள் அஞ்சினார்கள். முழுக் காணியும் ஒரே மகனுக்குப் போகும். அதுவும் பெற்றோர் முதுமையடைந்த பின்னரே கைக்கு வரும். அதுவரை நாற்பது வயதானவனும் வீட்டில் 'பெடியன்'தான்! மணமகள் கொண்டுவரும் சீதனம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். அதைக்கொண்டு அவ்வீட்டார் தம் மகளைக் கட்டிக்கொடுப்பார்கள், அல்லது இளையவனை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றுவார்கள். காணியும் சீதனமும் கிடைக்காதோர் தனித்திருந்தார்கள், அல்லது நாட்டைவிட்டுப் போனார்கள். 1911இல் நாற்பத்தைந்து தொடக்கம் ஐம்பத்துநான்கு வயது வரையான பெண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் மணமாகாதவர்.

இதற்குக் கத்தோலிக்க மதக் கட்டுப்பாடே காரணம் என்றோரும் உண்டு. ஆனால் பஞ்சத்துக்கு முன்னும் அம்மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர்தாமே? 1960களில் நகரங்களில் வேலைவாய்ப்புப் பெருகியதும் அதே மக்கள் முன்னரைவிட இளவயதில் மணமுடிக்கத் தொடங்கினார்கள். மாறியது பிழைப்புக்கான வழி.

4. நமது நாட்டில்

இலங்கையிலும் இதே நியதிதான். 1971இல் பெண்களின் சராசரித் திருமண வயது 23.5, 1981இல் 24.4. அயல் நாடுகளோடு ஒப்பிடும்போது இது உயர்ந்த வயது. 1945இல் வந்த இலவசக் கல்வி பெண்பிள்ளைகளைப் பாடசாலையில் நிலைக்கச் செய்தது. படித்த வாலிபர்களுக்கோ உத்தியோகம் கிடைக்கவில்லை. காணி நெருக்கடி மிகுந்த தென்மேற்குப் பகுதியில் கல்யாணம் பிந்தியது. குடியேற்றத் திட்டங்களில் வயல் கிடைத்த உலர்வலயத்தில் அது முந்தியது.

நமது பகுதிகளில் திருமணமும் காணியும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் சீதனத்துக்குத் தனி இடம் உண்டு. மட்டக்களப்புப் பக்கத்தில் மகளுக்கு வீடு கட்டிக்கொடுப்பது பெற்றோரின் கடமை. எனவே வீடும் வளவும் பறிபோனபோது மகளின் கல்யாணமும் தள்ளிப்போனது. போரில் இளைஞர் பலர் இறந்தார்கள், காணாமற்போனார்கள். பலர் வெளிநாடு சென்றார்கள். அங்கிருந்து வந்த பணம் சில இடங்களில் சீதனத்தின் அளவையும் ஏற்றிவிட்டது. இவ்வாறு முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஒருங்கே 'இல்லை' என்ற பதில் கிடைத்தது.

இதற்கு நேர்மாறானதும் நடந்தது. 2009இல் முடிந்த போரின் இறுதி ஆண்டுகளில், ஆட்சேர்ப்புக்குப் பிள்ளைகளைப் பறிகொடுக்க அஞ்சிய பெற்றோர் பலர் வன்னியில் அவர்களுக்கு அவசரமாக மணமுடித்து வைத்தார்கள். ஆகவே ஒரே இனம், ஒரே வழக்கம் உள்ள இடத்திலும் ஒரு குடும்பத்தில் கல்யாணம் முந்தியது, இன்னொன்றில் பிந்தியது. இதில் பெண்ணின் குணத்தைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

5. நாம் செய்யக்கூடியவை

ரூத்தின் வரலாற்றைப் படியுங்கள். பஞ்சத்தால் மோவாபுக்கு இடம்பெயர்ந்த நகோமி, கணவனையும் மைந்தர் இருவரையும் இழந்து, விதவை மருமகளோடு பெத்லகேமுக்குத் திரும்புகிறாள். ரூத்து பிறர் வயலில் கதிர் பொறுக்குகிறாள். நகர வாயிலில் பெரியோர் முன்னிலையில் போவாசு முதலில் எடுத்த பேச்சு நகோமியின் காணியை மீட்பதைப் பற்றியது. அதனோடு சேர்ந்தே ரூத்தின் திருமணமும் தீர்மானமாகிறது. அவளிடம் எவரும் சீதனம் கேட்கவில்லை. அவள் அயல்நாட்டாள், விதவை என்பதும் தடையாகவில்லை.

முதலாவது, மணமாகாத பெண்ணையோ விதவையையோ பழிக்கும் பேச்சை நிறுத்துவோம். இரண்டாவது, சீதனத்துக்காகக் கடன்பட்டு இருக்கும் காணியையும் ஈடு வைக்காதிருக்க ஊர்ச் சங்கங்களில் ஒன்றாகத் தீர்மானிப்போம். சீதனம் கேளாத மாப்பிள்ளையைச் சபையில் மெச்சுவோம். மூன்றாவது, வறுமைக்கோ அச்சத்துக்கோ சிறுமியரைக் கட்டிக்கொடுக்காதிருப்போம். பொதுத் திருமணச் சட்டத்தில் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் ஆகக்குறைந்த வயது பதினெட்டு. நான்காவது, பதிவில்லாத தம்பதியர் விவாகப் பதிவாளரை அணுகட்டும். வழக்க முறைத் திருமணத்தையும் நீதிமன்றம் ஏற்பதுண்டு. ஆனால் கணவன் இறந்தாலோ காணாமற்போனாலோ அதை நிரூபிப்பது பெரும்பாடு. காணி உரிமை கோரும் மனைவிக்கு விவாகச் சான்றிதழ் பெருந்துணை.

எல்லாவற்றுக்கும் மேலாக, காணியை மீட்கவும் தொழிலைத் தொடங்கவும் நாம் எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் நம் பிள்ளைகளின் கல்யாணத்துக்கான முயற்சியும் ஆகும் என்பதை நினைவிற் கொள்வோம்.

கலந்துரையாடலுக்கு:

அ. நமது கிராமத்தில் கல்யாணம் பிந்துவதற்கு மூன்று கேள்விகளில் எது முக்கிய காரணம்?

ஆ. இடப்பெயர்வுக்கு முன்னும் பின்னும் சீதன வழக்கம் எவ்வாறு மாறியுள்ளது?

இ. பதிவு செய்யப்படாத திருமணங்கள் நம்மிடையே எத்தனை? அவர்களுக்கு உதவ யார் முன்வருவீர்கள்?