கொல்லிமலைக்குக் குழந்தைகளோடு போறீங்களா?

லீவு விட்டாச்சு, 'எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கப்பா' என்று வாண்டுகள் நச்சரிக்கிறார்களா? நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குப் போய் வாருங்கள். மூலிகைகள் நிறைந்த மலை அது.

மலை ஏறும்போது: பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டச் சாப்பிட்டு ஏறினால் வாந்திதான். இரண்டு இட்லி போதும். புத்தகம், செல்போன் வேண்டாம். முன்பக்கச் சாலையைப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

இலை விளையாட்டு: மேலே போனதும் ஊர்ப் பாதையில் கொஞ்சம் நடங்கள். தொட்டாற்சிணுங்கியைத் தொட்டதும் மூடிக்கொள்ளும். மறுபடி விரிய எவ்வளவு நேரம் என்று எண்ணச் சொல்லுங்கள். முள் இருக்கும், ஜாக்கிரதை! கீழாநெல்லி கிடைத்தால், 'காய் எங்கே இருக்கு?' என்று கேளுங்கள். இலைகளுக்குக் கீழே வரிசையாகத் தொங்கும். பெயர்க் காரணத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ஒரே கட்டளை: பார்க்கலாம், பெயர் கேட்கலாம், எதையும் வாயில் வைக்கக் கூடாது. 'மூலிகை மலைதானே, எல்லாம் மருந்துதான்' என்று பெரியவர்களும் அசட்டையாக இருக்காதீர்கள். சிவப்பும் கறுப்புமாக மினுக்கும் குன்றிமணியை மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. சித்த மருத்துவத்தில் அதைச் சுத்தி செய்யாமல் உள்மருந்தில் சேர்ப்பதே இல்லை. அரளியும் ஊமத்தையும் விஷம்தான்.

தப்பித்தவறித் தின்றுவிட்டால்? சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், கைவைத்தியம் வேண்டாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தின்றதில் மிச்சம் இருந்தால் டாக்டரிடம் காட்டக் கையோடு எடுத்துப் போங்கள்.

மற்றபடி, பயமில்லாமல் செடிகளோடு பழக விடுங்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் ஊர் திரும்பிய பிறகும் பிள்ளைகளைக் காப்பாற்றும்.