போருக்குள் ஒரு நாடு நுழையும்போது யார் சொல்லும் காரணத்தை நம்புவது?

கேள்வி: முதல் உலகப் போரில் அமெரிக்கா ஏன் சேர்ந்தது என்பது பற்றிக் கருத்தரங்கக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு புத்தகம் லூசிடானியா கப்பல் மூழ்கடிக்கப்பட்டதைச் சொல்கிறது. இன்னொன்று சிம்மர்மன் தந்தி என்கிறது. மூன்றாவது புத்தகம், வங்கிகள் கொடுத்த கடன்தான் காரணம் என்று அடித்துச் சொல்கிறது. மூவருமே மூல ஆவணங்களைக் காட்டுகிறார்கள். எதை எடுப்பது, எதை விடுவது? அதிபர் வில்சனே தன் உரையில் காரணம் சொல்லியிருக்கும்போது அதை வைத்தே எழுதிவிடக் கூடாதா?
— வரலாற்று முதுகலை மாணவி, பாளையங்கோட்டை

பதில்: உரையிலிருந்தே தொடங்குவோம். 1917 ஏப்ரல் 2 இரவு வில்சன் காங்கிரஸின் இரு அவைகள் முன்னும் பேசியது, போர்ப் பிரகடனத்துக்கு வாக்குக் கேட்டு. வாக்குக் கேட்பவர், கேட்கிறவர்கள் ஏற்பார்கள் என்று தான் நம்பும் காரணங்களைச் சொல்வார். அதனால் அந்த உரை, அன்றைய காங்கிரஸ் உறுப்பினர்களிடம் எந்த வாதம் செல்லுபடியாகும் என்பதற்கு முதல்தரச் சான்று. வில்சன் எப்போது, எதனால் முடிவுக்கு வந்தார் என்பதற்கு அது அவ்வளவு நல்ல சான்று அல்ல.

ஒன்றைக் கவனியுங்கள். ஜனநாயகத்துக்கும் எதேச்சாதிகாரத்துக்கும் நடக்கும் போர் என்று உரையில் ஓங்கி ஒலிக்கிறது. ரஷ்யாவில் ஜார் முடி துறந்தது மார்ச் 15-ல். அதுவரை நேச நாடுகளின் அணியில் ஜாரும் இருந்தார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜனநாயகப் போர் என்று பேச நாக்கு எழாது. அமெரிக்கா ஜெர்மனியுடன் தூதரக உறவை முறித்ததோ பிப்ரவரி 3-லேயே. மார்ச் நடுவில்தான் கைக்கு வந்த வாதம் பிப்ரவரி முடிவுக்குக் காரணமாக இருந்திருக்க முடியாது.

உங்கள் மூன்று புத்தகங்களையும் இதே தேதிக் கணக்கில் நிறுத்திப் பாருங்கள். 'இதுதான் காரணமென்றால் ஏன் முன்பே நடக்கவில்லை?' என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள்.

லூசிடானியாவை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது 1915 மே 7. ஏறக்குறைய 1,200 பேர் இறந்தார்கள், அவர்களில் 128 பேர் அமெரிக்கர். போர்ப் பிரகடனம் வந்தது 23 மாதம் கழித்து. இடையில் 1916 தேர்தலில், நம்மைப் போரிலிருந்து காத்தவர் என்ற முழக்கத்தோடுதான் வில்சன் மறுபடி வென்றார். ஆனால் லூசிடானியாவைத் தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. அதைத் தொடர்ந்து வில்சன் ஜெர்மனிக்கு அனுப்பிய குறிப்புகள் அவ்வளவு கடுமையானவை. இவை நம்மைப் போரில் கொண்டுபோய் விடும் என்று வெளியுறவு அமைச்சர் பிரையன் 1915 ஜூனில் பதவி விலகினார். பிறகு சசெக்ஸ் என்ற பயணிக் கப்பல் தாக்கப்பட்டதும், 1916 மே மாதம், எச்சரிக்காமல் வணிகக் கப்பல்களை மூழ்கடிக்க மாட்டோம் என்று ஜெர்மனி வாக்குக் கொடுத்தது. 1917 பிப்ரவரி 1 முதல் அந்த வாக்கை அது கைவிட்டபோது, வில்சன் தானே எழுதிய குறிப்புகளுக்குள் சிக்கியிருந்தார். லூசிடானியா போரை மூட்டவில்லை; பின்வாங்கும் வழியை அடைத்தது.

தந்திக்கு வருவோம். ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் 1917 ஜனவரி 16-ல் அனுப்பியது. பிரிட்டிஷ் உளவுத் துறை இடைமறித்துச் சங்கேதத்தை உடைத்தது. மார்ச் 1-ல் பத்திரிகைகளில் வந்ததும், இது பிரிட்டன் ஜோடித்த போலி என்று பலர் சொன்னார்கள். சந்தேகம் நியாயமானதே, கொண்டுவந்து கொடுத்தவருக்கு லாபம் இருந்ததே. ஆனால் மார்ச் 3-ல் சிம்மர்மனே, ஆமாம், நான்தான் அனுப்பினேன் என்று ஒப்புக்கொண்டார். வரலாற்று மாணவருக்கு இப்படி ஒரு உதவியை எந்த அமைச்சரும் செய்வதில்லை!

அந்தத் தந்தியை முழுக்கப் படியுங்கள். டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா என்று மெக்சிகோவுக்கு ஆசை காட்டும் வரிகளை மட்டும் எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். தொடக்கமே வேறு: நீர்மூழ்கிப் போரைக் கட்டுப்பாடின்றித் தொடங்கப் போகிறோம், அமெரிக்காவை நடுநிலையில் வைக்க முயல்வோம், முடியாவிட்டால் மெக்சிகோவுடன் கூட்டணி. ஆக, தந்தி அந்த நீர்மூழ்கி முடிவின் வால். அது வெளியான பிறகும் பல நாள்கள் வில்சன் கேட்டுக்கொண்டிருந்தது வணிகக் கப்பல்களில் பீரங்கி பொருத்த அனுமதியைத்தான், போரை அல்ல.

கடன் வாதத்துக்குப் பலமான ஆவணம் உண்டு. லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்த பேஜ், 1917 மார்ச் 5-ல் ஒரு தந்தி அடித்தார். நேச நாடுகளின் பணம் வற்றிவிட்டது, நம் வணிகம் சரிந்துவிடும், போரில் இறங்குவதே அதைக் காக்க ஒரே வழியாக இருக்கலாம் என்பது அதன் சாரம். 1934-36-ல் செனட்டர் நை தலைமையில் நடந்த விசாரணைக் காலத்தில் இது பெரிதாகப் பேசப்பட்டது. நேச நாடுகளுக்குப் போன கடன் சுமார் 230 கோடி டாலர், ஜெர்மனிக்கு 2.7 கோடி டாலர் என்ற கணக்கும் அப்போது பரவியதுதான்.

ஆனால் தந்தி போய்ச் சேர்ந்தது என்பதற்கும் கேட்டவர் மனம் மாறியது என்பதற்கும் இடையில் தூரம் அதிகம். பேஜ் பிரிட்டனுக்கு வழக்காடுகிறார் என்று வில்சன் வெகுகாலமாகவே அவர் பேச்சைக் காதில் வாங்காமல் இருந்தார். அதைவிட முக்கியம், 1916 நவம்பர் இறுதியில் மத்திய ரிசர்வ் வாரியம், நேச நாடுகளுக்கு ஈடில்லாமல் கடன் கொடுக்காதீர்கள் என்று வங்கிகளை எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை இன்னும் கடுமையாக்கச் சொன்னவர் வில்சன். வங்கிகள் ஆட்டிவைத்த மனிதர் செய்யும் காரியமா அது? நை குழுவைப் படிக்கும்போதும் அது கூடிய காலத்தை மறக்காதீர்கள். பெருமந்தம் வாட்டிய ஆண்டுகள், அடுத்த போரில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற பதைப்பு. அதன் பக்கங்களில் 1917-க்கு நிகராக 1935-ம் இருக்கிறது. ஆனாலும் கடனையும் வணிகத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். ஜெர்மனி வணிகக் கப்பல்களை மூழ்கடிக்க நினைத்ததே அவை ஏற்றிப்போன சரக்குக்காகத்தான்.

முடிவுக்கு மிக அருகில் இருக்கும் ஆவணம் எது? என் கணிப்பில், மார்ச் 20 அமைச்சரவைக் கூட்டம் பற்றி வெளியுறவு அமைச்சர் லான்சிங் எழுதி வைத்த குறிப்பு. முந்தைய சில நாள்களில் மூன்று அமெரிக்கக் கப்பல்கள் மூழ்கியிருந்தன. பத்து அமைச்சர்களும் போர் என்றார்கள். கடற்படை அமைச்சர் டேனியல்ஸ் கண்கலங்கச் சம்மதித்தார் என்கிறார் லான்சிங். வில்சன் தன் முடிவைச் சொல்லாமல் எழுந்து போனார். மறுநாள் காங்கிரஸைக் கூட்ட உத்தரவு. லான்சிங் வெகு நாளாகவே போர் விரும்பி என்பதால், போரை விரும்பாத டேனியல்ஸின் நாட்குறிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிர் மனநிலையில் இருந்த இருவரும் ஒத்துச் சொல்வது கூடுதல் உறுதி.

எச்சரிக்கை ஒன்று. போரில் இறங்கினால் இந்த நாடு சகிப்புத்தன்மையையே மறந்துவிடும் என்று உரைக்கு முந்தைய இரவு வில்சன், பத்திரிகையாசிரியர் ஃபிராங்க் காப்பிடம் மனம் நொந்து சொன்னதாக ஒரு பகுதி எல்லாப் புத்தகத்திலும் வரும். உருக்கமானது, உங்கள் கையும் அதை நோக்கி நீளும். அது அச்சில் வந்தது 1924-ல், காப் இறந்த பிறகு, அவர் சொன்னதாக வேறு இருவர் சொன்னபடி. அந்த இரவில் அவர் வெள்ளை மாளிகைக்கு வந்ததற்குப் பதிவு இல்லை. சந்திப்பு நடந்தது மார்ச் 19-ல் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு, உரையாடலையே சந்தேகிப்பவர்களும் உண்டு. பயன்படுத்தினால் இந்தப் பின்கதையோடு பயன்படுத்துங்கள்.

பெரும்பாலான மாணவர் கட்டுரைகள் வாஷிங்டனிலேயே நின்றுவிடுகின்றன. பாதி விடை ஜெர்மனியில் இருக்கிறது. மாதம் ஆறு லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்தால் ஐந்தே மாதத்தில் பிரிட்டன் பணியும் என்று 1916 டிசம்பர் 22-ல் கடற்படைத் தளபதி ஹோல்ட்செண்டார்ஃப் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அமெரிக்கா போரில் சேரக்கூடும் என்பதும் அந்தக் கணக்கில் உண்டு. அதன் படை வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிடும் என்பது நம்பிக்கை. ஜனவரி 9-ல் பிளெஸ் அரண்மனையில் கைசர் ஒப்புதல் தந்தார். வெகுநாள் எதிர்த்துவந்த தலைமை அமைச்சர் பெத்மன் ஹோல்வெக் அங்கே வளைந்துகொடுத்தார்.

போர்ப் பிரகடனத்தை எதிர்த்து வாக்களித்தவர்களையும் விடாதீர்கள். செனட்டில் 82-க்கு 6, கீழவையில் 373-க்கு 50. செனட்டர் நாரிஸ் அன்றே பணமுதலைகள் மேல் பழி போட்டார். கடன் வாதம் 1930-களில் பிறந்ததல்ல என்று காட்ட அந்தப் பேச்சு ஒன்றே போதும்.

அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிட்ட ஆவணத் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன; லான்சிங்கின் தாள்களும் அதில் தனித் தொகுதிகளாக உண்டு. ஆவணங்களைத் தலைப்புவாரியாகப் பிரித்து அடுக்கியிருப்பார்கள். 1917 ஜனவரி முதல் ஏப்ரல் வரை உள்ளவற்றை எடுத்து, நீங்களே தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு அந்த மூன்று புத்தகங்களையும் மறுபடி திறங்கள்.